கருவுற்ற மகளிரின் உணவு விலக்கில் பப்பாளி: ஒரு நம்பிக்கையின் காலமும் மெய்ம்மையும்

கருவுற்ற பெண் பப்பாளியை உண்டால் கரு கலையும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் இன்றும் வலுவாக நிலவுகிறது. தமிழகக் கருவுற்ற மகளிரின் உணவு விலக்குகளைக் குறித்து ஃபெரோ-லூசி 1973இல் வெளியிட்ட ஆய்விலும் பப்பாளிக்கு முதன்மையான இடம் உண்டு. இவ்விலக்கை ஏற்போர் அதனைப் பல்லாயிரம் ஆண்டுப் பட்டறிவு என்பர். மறுப்போர் வெறும் மூடநம்பிக்கை என்பர். இவ்விரு கூற்றுகளுமே சான்றுகளோடு முழுமையாகப் பொருந்துவன அல்ல.

முதலில் காலத்தை நோக்கலாம். பப்பாளியின் தாயகம் நடு அமெரிக்கப் பகுதி. கோவாவில் பேராயரின் செயலராகப் பணியாற்றிய டச்சுக்காரர் லின்சோட்டன், 1596இல் வெளியான தம் பயண நூலில், இப்பழம் ஸ்பானியர் ஆண்ட அமெரிக்க நிலங்களிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாக இந்தியாவுக்கு வந்ததெனக் குறிப்பிடுகிறார். பப்பாளியோடு சேர்த்து அஞ்சப்படும் அன்னாசியும் அவ்வாறே வந்தது. கொலம்பஸ் குழுவினர் 1493இல் குவாதலூப் தீவில் அதனைக் கண்டனர். ஐரோப்பியரின் துறைமுகங்களில் விளையும் பழம் எனவே ஜஹாங்கீர் தம் தன்வரலாற்றில் அதனைச் சுட்டுகிறார். அன்னாசி என்னும் பெயரே போர்த்துக்கீசியரின் வழி வந்த தென்னமெரிக்கச் சொல். ஆகவே, கருவுற்றோர் இப்பழங்களை உண்ணலாகாது என்னும் விதி எவ்வளவு பழமையாகக் கருதப்பட்டாலும், 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

கருவுற்ற மகளிரின் உணவு வேட்கை பற்றிய பதிவு தமிழில் மிகப் பழமையானது. குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாடல், சேரனது நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கொள்ளுதல் இல்லை என்னும் பொருளுடையது. புலவரின் நோக்கம் அரசனைப் புகழ்வதே. எனினும் அதன் அடியில் நுட்பமான உற்றுநோக்கல் உள்ளது. மண்ணுண்ணும் வேட்கைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்புண்டு என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. பழமை என்னும் மதிப்பு இவ்வகைப் பதிவுக்கே உரியது. பப்பாளி விலக்குக்கு அன்று.

அவ்வாறெனில், புதிதாக வந்த பழத்தின் மீது இத்துணை அச்சம் எவ்வாறு படிந்தது? உணவுகளைச் சூடு, குளிர்ச்சி எனப் பகுக்கும் மரபு பப்பாளியின் வருகைக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்தது. உடற்சூடு மிகுந்தால் கரு நிலைக்காது என்பது அம்மரபின் கருத்து. எள்ளும் கருப்பட்டியும் இக்காரணத்தாலேயே விலக்கப்பட்டன. பழைய சட்டகத்துள் புதிய பழம் அமர்த்தப்பட்டது எனலாம். ஆயினும் இவ்விளக்கம் மட்டும் போதாது. அதே கண்டத்திலிருந்து வந்த மிளகாய் நாவுக்கு எரிவு தருவது. ஆனால் அது அன்றாடச் சமையலில் கலந்துவிட்டது. பப்பாளியைத் தனித்துக் காட்டியது அதன் பால் ஆகலாம். எருக்கம்பால் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தப்பட்டதை 19ஆம் நூற்றாண்டுச் சட்ட மருத்துவ நூல்கள் பதிவு செய்துள்ளன. அதனை அறிந்திருந்த மகளிர், கீறியவுடன் பால் வடியும் பப்பாளிக் காயையும் அவ்வினத்தில் சேர்த்தனர் எனக் கருதுவது பொருந்தும். இது ஊகமே, எனினும் பிற்கால ஆய்வின் முடிவோடு இசைகிறது.

இந்நம்பிக்கையைக் குறித்த கவனத்திற்குரிய மருத்துவப் பதிவு, எட்வர்டு ஜான் வேரிங் தொகுத்து 1868இல் வெளியான ‘இந்திய மருந்தியல் நூல்’ ஆகும். தென்னிந்தியாவில் எல்லாப் பிரிவுப் பெண்களிடமும் இவ்வச்சம் காணப்படுவதாகவும், அளவாக உண்டாலும் கரு கலையக்கூடும் என அவர்கள் கூறுவதாகவும் அந்நூல் தெரிவிக்கிறது. அதற்கான சான்றுகள் தரப்படவில்லை என்றும் அது குறிக்கிறது. நம்பிக்கையின் பரவலைப் பதிவது வேறு, அதன் உண்மையை ஒப்புவது வேறு என்னும் தெளிவு அந்நூலில் உள்ளது. பின்னாளில் இவ்விலக்கை எடுத்துரைத்த பலரிடம் அத்தெளிவு இல்லை.

காயும் கனியும் வேறென்பதே ஆய்வகம் காட்டிய உண்மை. அடெபியி, அடைக்கன், பிரசாத் ஆகியோர் சிங்கப்பூரில் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து இதழில் வெளியானது. பழுத்த பப்பாளியின் சாறு கருப்பைத் தசையில் குறிப்பிடத்தக்க சுருக்கத்தை உண்டாக்கவில்லை. அதனை உட்கொண்ட எலிகளின் சூலுக்கும் தீங்கு நேரவில்லை. காயின் பாலோ ஆக்சிடோசினைப் போலக் கருப்பைத் தசையை வலிந்து சுருக்கியது. காய் பழுக்கப் பழுக்கப் பால் குறைகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு உரியதாக்க இயலாது. எனினும் காயையும் செங்காயையும் தவிர்க்கச் சொல்வதற்கு அடிப்படை உண்டு. நன்கு கனிந்த பழத்தின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு இல்லை. இயல்பான அளவில் உண்ணும் அன்னாசியால் கரு கலையும் என்பதற்கும் மனிதரிடம் உறுதியான சான்று இல்லை.

இவ்வேறுபாட்டை வெறும் நுணுக்கமெனத் தள்ளிவிட இயலாது. லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராயத் தொடங்கினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவரது பணி தொடர்ந்தது. அந்நோய்க்குக் கிருமி காரணமன்று, உணவுக் குறைவே காரணம் என்பதும், ஈஸ்ட் சாறு அதனைத் தீர்க்கிறது என்பதும் 1931இல் அவர் வெளியிட்ட முடிவுகள். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கருவின் நரம்புக் குழாய்க் குறைபாட்டைத் தடுப்பதில் அதற்குள்ள பங்கை 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு உறுதிசெய்தது. விலக்கப்பட்ட பப்பாளிப் பழத்தில் ஃபோலேட்டும், இரும்புச்சத்து உடலிற்சேர உதவும் வைட்டமின் சியும் உள்ளன. ஒரு பழத்தால் மட்டும் இரத்தசோகை தீராது. ஆனால் வீட்டுக் கொல்லையில் விலையின்றிக் காய்க்கும் பப்பாளியை இழக்கும் ஏழைப் பெண்ணுக்கு மாற்றுப் பழம் எளிதில் கிட்டுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்.