அவசரகாலத்தில் ஒரு தோட்டத்து லோரி ஓட்டுநரின் நாள்

மலாயாத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பால்வெட்டுத் தொழிலாளியையும் கங்காணியையும் நடுவில் நிறுத்தியே எழுதியுள்ளனர். இத்துறைக்கு அடிப்படையாக அமைந்த கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969இலும் ஆர். கே. ஜெயினின் நூல் 1970இலும் வெளிவந்தன. தோட்டம் என்பது வெளியுலகத் தொடர்பு அற்ற ஒரு மூடிய உலகம் என்னும் கருத்தும் நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அம்மூடிய உலகின் வாயிலை நாள்தோறும் கடந்து சென்று மீண்ட ஒருவரை நாம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. அவர் தோட்டத்து லோரி ஓட்டுநர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அவருடைய ஒரு நாள் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை அக்காலச் சட்டவிதிகளையும் தோட்டத்து வேலைமுறையையும் துணைகொண்டு இங்கு நோக்குவோம். இது தனியொருவரின் வாழ்க்கைக் குறிப்பு அன்று. ஒரு தொழிலின் வரலாறு.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் உருவான பிரிக்ஸ் திட்டம் காட்டோரச் சீனக் குடியேறிகளைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றியதை அனைவரும் அறிவர். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஓரிடத்தில் ஒருங்கு சேர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் கொண்டுவரப்பட்டமை அத்துணை பேசப்படுவதில்லை. இவ்வாறு சேர்க்கப்பட்டோர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பர். தோட்டங்களைப் பொறுத்தவரை இவர்களுள் பலர் தமிழராவர்.

லயம் ஓரிடத்திலும் வெட்டுக்காடு வேறிடத்திலுமாகப் பிரிந்தபோது லோரியின் வேலை பெருகியது. ஊரடங்கு முடியும் வரை வாயில் திறவாது. ஆகவே விடியுமுன் தொடங்கவேண்டிய பால்வெட்டும் தாமதமாயிற்று. பெரட்டு முடிந்ததும் தொலைக்காடுகளுக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்வது ஓட்டுநரின் முதற்பணி. ஏறுமுன் ஒவ்வொருவரும் வாயிலில் சோதிக்கப்பட்டனர். போராளிகளுக்குச் சென்றுவிடும் என்னும் அச்சத்தால் காட்டுக்குச் சோறு கொண்டுசெல்லத் தடையிருந்தது. முன்பு தூக்குச் சட்டியோடு ஏறியவர் இப்போது வெட்டுக்கத்தியும் வாளியுமாக ஏறினார். லோரி மீண்டும் வந்து அழைத்துச் சென்றால்தான் உணவு. ஓட்டுநர் தாமதித்தால் காடே பசித்திருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து, நகருக்குச் சென்று அரிசி ஏற்றி வருதல். 1951இல் நடைமுறைக்கு வந்த உணவுக் கட்டுப்பாட்டு விதிகள் அரிசி, சர்க்கரை, உப்பு, எண்ணெய், டின் உணவு, மருந்து முதலியவற்றின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின. உணவுப்பொருள் பகல்வேளையில் மட்டுமே, குறிப்பிட்ட சாலைகளின் வழியே செல்லலாம். சில வட்டாரங்களில் ஆயுதக் காவலுடன் அணியாகச் சென்றாக வேண்டும். கடைகளில் விற்கப்படும் டின்களைத் துளையிட்டுக் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது; துளையிட்ட டின்னைக் காட்டில் பதுக்கிவைக்க இயலாதன்றோ! ஏற்றிய மூட்டையின் எண்ணிக்கையும் இறக்கிய மூட்டையின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஒரு மூட்டை குறைந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் ஓட்டுநரே.

மறுபுறம், காட்டுச் சாலையில் வழிமறிப்போர் கேட்பதும் அதே மூட்டையைத்தான். பேருந்துகளும் லோரிகளும் எரிக்கப்பட்டமை அக்காலத்தில் பலமுறை நிகழ்ந்தது. கொடுத்தால் சிறை, மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்னும் நிலை. உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில், காவல் வாகனத்துடன் சென்றபோது கொல்லப்பட்டார் என்றால், காவலின்றிச் செல்லும் லோரியின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. இவ்விரு தரப்பினரிடையே ஓட்டுநர் காட்டிய மௌனத்தை அச்சம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தோட்டத்தின் ரேஷன் அவர் மீண்டு வருவதைப் பொறுத்திருந்தது. அம்மௌனம் பொறுப்புணர்வும் ஆகும் என்பதே நம் கருத்து.

நண்பகலுக்குப் பின் மற்றொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். நிறுத்துச் சேர்த்த ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன் உறைந்துவிடலாகாது. அம்மோனியா சேர்த்து உறைவைத் தள்ளிப்போடலாம். சாலைத் தடுப்பில் நெடுநேரம் நின்றால் அதுவும் போதாது. காவல்துறையின் நேரமும் பாலின் நேரமும் ஒன்றோடொன்று மோதிய இடம் ஓட்டுநரின் இருக்கை எனலாம். தடுப்புகளில் நின்ற சிறப்புக் காவலர் பெரும்பாலும் மலாய்க்காரர். நகரத்து மளிகைக் கடைக்காரரோ பெரும்பாலும் சீனர். லயத்தில் தமிழ், தடுப்பில் மலாய், கடையில் மலாயும் சீனமும் கலந்த பேச்சு என்று ஒரே நாளில் மொழி மாறிப் பேசியவர் அவர். தோட்டத்தின் மூடிய உலகம் பற்றிய நம் கருத்தை மறுபரிசீலனை செய்ய இதுவொன்றே போதிய காரணமாகும்.

1956 முதல் ஜொகூர் முதலிய மாநிலங்களின் சில வட்டாரங்களில் அரிசியை வீடுகளுக்கு வழங்காமல் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கி வழங்கும் முறை புகுத்தப்பட்டது. அங்கெல்லாம் லோரி இறக்கிய அரிசி குடும்ப அடுப்பைச் சென்றடையவில்லை. அரிசி வீட்டிற்கு வராத ஒரு தமிழ்க் குடும்பத்தில் பொங்கல் எவ்வாறு நடந்திருக்கும் என்பது ஆசிரியர்கள் தம் வட்டாரத்து முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டிய வினா. அக்காலத்தில் லோரியில் ஏறிச் சென்ற சிறுவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள்.

கட்டுப்பாடு எல்லா இடத்திலும் ஒரே நாளில் நீங்கவில்லை. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதலாவது 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு அங்கு விதிகள் தளர்ந்தன. பிற இடங்கள் ஒவ்வொன்றாக அதனைத் தொடர்ந்தன. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதற்குள் பல தோட்டங்களில் அதே லோரிகள் தைப்பூசத்திற்கும் நகரத்துத் திரையரங்கிற்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பின்னரும் ஓடத் தொடங்கியிருந்தன.