பூட்டு போட்ட டி.வி.

பொன்னேரியில் தொடங்கி ஏலகிரி மேலே போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், கம்பர், பாரி, பேகன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். பின்சீட்டில் இருந்த என் மகள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கையில் செல்போன். அதட்டினேன். ‘‘நீ மட்டும் சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் பாக்கறியேப்பா?’’ என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் டி.வி.க்கு மரியாதையே தனி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எங்களை மாதிரி ஊர்களுக்கு அது வந்து சேர வருஷக்கணக்காயிற்று. வந்தபோதும் பஞ்சாயத்து அறையில், பூட்டிய பெட்டிக்குள். சாவி ஒருவர் இடுப்பில்! வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்றால் ஊரே தரையில் உட்கார்ந்திருக்கும். யார் வீட்டுப் பிள்ளை எதைப் பார்க்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ‘நாளைக்குப் பரீட்சை, எழுந்திரிடா’ என்று காதைத் திருக, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் உரிமை உண்டு.

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. பெட்டியும் மெள்ள வீட்டுக்குள் வந்தது. 2006 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்து, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்து முடித்தது. குடிசையிலும் 14 இன்ச்! அப்போதும் திரை நடுவீட்டில்தான். அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குச் சத்தம் கேட்கும். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் திரை கைக்குள் போனது, சத்தம் ஹெட்போனுக்குள் போனது. 2020-ல் கொரோனா பள்ளிக்கூடங்களை மூடியபோது, ‘போனைத் தொட்டா அடிப்பேன்’ என்ற பெற்றோரே கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தார்கள்.

2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. புங்கனூர் ஏரிக்கரையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இதை மேதாவி மாதிரி சொல்லித் தொலைத்தேன். ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கிறவர். மடியில் மூன்று வயதுப் பையன். அவன் கையில் போன்.

‘‘காலையில எட்டு மணிக்கு கம்பெனி பஸ் ஏறினா, வீடு வர ராத்திரி ஆயிடுது சார். மாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. போன் இல்லன்னா இவன் ரோட்டுக்கு ஓடிடுவான். நீங்க வந்து பாத்துக்கறீங்களா?’’

நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் டெபிட் எழுதினால் மறுபக்கம் கிரெடிட் எழுதியாக வேண்டும். அந்தப் போனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது? அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால், எனக்கு அந்தச் சாக்கும் கிடையாதே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கூடவே இருந்தேன்.

இறங்கும்போது என் போனை அணைத்து முன்னால் போட்டேன். மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு வளைவு கழித்து அவளுடையதும் வந்து விழுந்தது.

‘‘பேகன் யாருப்பா?’’

மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைச் சொன்னேன்.

‘‘அதை வெச்சு மயில் என்ன பண்ணுச்சு?’’

வாணியம்பாடி வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.