ஆத்துப்பாலம் (கோயம்புத்தூர்)

ஆத்துப்பாலம் என்பது கோயம்புத்தூர் மாநகரின் தென்பகுதியில், உக்கடத்துக்கும் குனியமுத்தூருக்கும் இடையே நொய்யலாற்றைக் கடக்கும் பாலத்தையும் அதையொட்டி வளர்ந்த சாலைச் சந்திப்பையும் ஒருசேரக் குறிக்கும் பெயராகும். ‘ஆற்றுப்பாலம்’ என்பதன் பேச்சு வடிவமே இங்கு இடப்பெயராக நிலைத்துவிட்டது.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், இவ்விடத்தில் பேராறு அன்று. மேற்கு மலைகளில் பருவமழை வலுக்கும் நாள்களில்தான் அது பெருக்கெடுக்கும். பாலத்துக்குப் பெருமை சேர்ப்பது ஆற்றின் அகலமன்று, அதன்மேல் வந்து சேரும் சாலைகளே. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளம் செல்லும் சாலையும், குறிச்சி தொழிற்பேட்டையைத் தொட்டுப் பொள்ளாச்சி செல்லும் சாலையும் இங்கேதான் பிரிவதால், தேங்காய் ஏற்றிய லாரியும் கேரளப் பேருந்தும் பட்டறைக்கு விரையும் தொழிலாளியின் இருசக்கர வண்டியும் ஒரே பாலத்தை நம்பியிருந்தன.

நகருக்குள் வராமல் சுற்றிச் செல்வதற்கான நீலம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை தொலைதூர லாரிகளைப் பெருமளவு விலக்கியபோதிலும், நகரிலேயே தொடங்கும் அல்லது முடியும் பயணங்களின் பாரத்தை அதனால் குறைக்க இயலவில்லை. இந்நெரிசலைத் தீர்க்க 2018இல் பணி தொடங்கப்பட்ட உக்கடம் மேம்பாலம், முதலில் கரும்புக்கடை வரை திட்டமிடப்பட்டு, பின்னர் ஆத்துப்பாலம் வரை நீட்டிக்கப்பட்டு, ஏறத்தாழ 3.8 கி.மீ. நீள நான்குவழிப் பாலமாக 2024 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. கட்டுமானக் காலத்தில் வாகனங்கள் புட்டுவிக்கி வழியாகத் திருப்பிவிடப்பட்டதால், மேற்கே நொய்யலைக் கடக்கும் அச்சிறு பாலமும் அதன் குறுகிய சாலையும் நகரின் சுமையைத் தாங்க நேர்ந்தது. ஒரு நகரத்துக்கு ஆற்றைக் கடக்க மாற்றுவழிகள் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேம்பாலம் விரைந்து கடப்போருக்குப் பெரும் நன்மை செய்துள்ளது. எனினும் நிறுத்தத்தில் நின்று செல்லும் நகரப் பேருந்துகளுக்கும் சாலையைக் குறுக்கே கடக்கும் பாதசாரிகளுக்கும் கீழ்ச்சாலையே கதியாக இருப்பதால், பழைய பாலத்தின் பணி முடிந்துவிடவில்லை. மதுக்கரை அருகிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை அமையும் மேற்குப் புறவழிச்சாலை நிறைவுறும்போது, பாலக்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம், உதகை செல்லும் வாகனங்கள் ஆத்துப்பாலத்தைத் தொடாமலே நொய்யலைக் கடக்கும்.