மருந்து நிறுவனங்களில் பணிபுரியும் மருத்துவர்கள்: அவர்கள் பெறும் பயிற்சியும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

மேலோட்டம்

நீங்கள் உட்கொள்ளும் மருந்து மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பும் வந்த பின்பும், அதன் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பில் சில மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் அல்லர். மருந்து நிறுவனங்களில் பணிபுரிபவர்கள். மருத்துவப் பட்டம் பெற்று, நோயாளிகளைக் கவனித்த அனுபவத்துடன் இத்துறைக்கு வருபவர்களுக்கு, பெல்லோஷிப் எனப்படும் ஊதியத்துடன் கூடிய பயிற்சித் திட்டங்களும் பட்டப் படிப்புகளும் உள்ளன.

ஒரு நோயாளியோ பராமரிப்பாளரோ இதை ஏன் அறிய வேண்டும்? உங்களை ஒரு மருந்து ஆய்வில் பங்கேற்குமாறு அழைக்கும்போதும், மருந்தினால் பக்கவிளைவு ஏற்படும்போதும், நிறுவனத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வரும்போதும், யார் உங்கள் மருத்துவர், யார் அந்த மருந்தின் மருத்துவர் என்ற வேறுபாடு தெரிந்திருந்தால், சரியான கேள்வியைச் சரியான நபரிடம் கேட்க முடியும்.

நிறுவன மருத்துவர் என்ன செய்கிறார்?

இவர்களின் பணிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

- மருந்து ஆய்வு: புதிய மருந்தை மனிதர்களிடம் எந்த அளவில் தொடங்குவது, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது, எந்த நிலையில் மருந்தை நிறுத்த வேண்டும் என்பவற்றை ஆய்வுத் திட்டத்தில் எழுதுவது, ஆய்வு நடைபெறும்போது வரும் பாதுகாப்புத் தகவல்களை ஆராய்வது.
- மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு: விற்பனைக்கு வந்த மருந்தைப் பற்றி வரும் பக்கவிளைவுப் புகார்களைப் பரிசீலித்து, மருந்துதான் காரணமா என மதிப்பிட்டு, அரசின் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிப்பது.
- மருத்துவத் தகவல்: மருந்தைப் பற்றி மருத்துவர்களுக்குத் தரப்படும் தகவல்களும், மருந்துப் பெட்டியில் உள்ள துண்டுப் பிரசுரமும் சான்றுகளுக்கு உட்பட்டு உள்ளனவா எனச் சரிபார்ப்பது.

இந்தியாவில், புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகள் 2019இன்படி, புதிய மருந்துக்கு அனுமதி பெறும் நிறுவனம் பாதுகாப்புக் கண்காணிப்பு முறை ஒன்றை வைத்திருக்க வேண்டும். பக்கவிளைவுத் தகவல்களைத் திரட்டி ஆராயும் பொறுப்பு அலுவலர், அதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவராகவோ மருந்தாளுநராகவோ இருக்க வேண்டும். எனவே இங்கு பயிற்சி என்பது சட்டம் எதிர்பார்க்கும் ஒரு தகுதியாகும்.

இத்துறைக்கு ஏன் தனிப் பயிற்சி?

எம்.பி.பி.எஸ். படிப்பு, எதிரில் உள்ள ஒரு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கக் கற்றுத் தருகிறது. நிறுவன மருத்துவரின் முடிவு, அவர் ஒருபோதும் நேரில் காணாத பல்லாயிரம் பேரைச் சென்றடைகிறது. ஒரு பக்கவிளைவு பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே வருமானால், சில நூறு பேரிடம் நடத்தப்படும் ஆய்வில் அது தென்படாமலே போகலாம். இத்தகைய ஆபத்தைக் கணிக்கவும் கண்டறியவும் புள்ளியியல், மருந்தியல், சட்டவிதிகள், ஆய்வு நெறிகள் ஆகியவற்றில் தனித் தேர்ச்சி தேவைப்படுகிறது.

இதன் இன்றியமையாமையை உணர்த்திய நிகழ்வு ஒன்று 2006 மார்ச் 13 அன்று இலண்டனில் நடந்தது. டிஜிஎன்1412 என்ற புதிய மருந்து முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. ஆரோக்கியமான எட்டு இளைஞர்கள் பங்கேற்றனர்; அவர்களுள் இருவருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்து கலவாத திரவம் செலுத்தப்பட்டது. மருந்தைப் பெற்ற ஆறு பேரும் சில மணி நேரத்துக்குள் கடுமையாக நோய்வாய்ப்பட்டு, பல உறுப்புகள் செயலிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஆறு பேரும் உயிர் பிழைத்தனர்.

விலங்குகளிடம் பாதுகாப்பானதாகத் தோன்றிய அளவில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. ஆனால் ஒருவருக்குச் செலுத்திய பின் விளைவைப் பார்ப்பதற்குப் போதிய நேரம் விடாமல், சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கும் செலுத்தப்பட்டது. பின்னர் பிரிட்டிஷ் அரசு அமைத்த நிபுணர் குழு 22 பரிந்துரைகளை வழங்கியது. புதிய வகை மருந்துகளை ஒருவர் பின் ஒருவராகப் போதிய இடைவெளி விட்டே தர வேண்டும். முதல் தொடக்க அளவைப் பன்மடங்கு எச்சரிக்கையுடன் கணக்கிட வேண்டும். இத்தகைய ஆய்வுகளுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவர்கள் தக்க தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும்.

பயிற்சி எவ்வாறு அமைகிறது?

*பிரிட்டனில்:* மருந்து நிறுவனங்களுக்கான மருத்துவப் பணியை ஒரு தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்றுக்கொண்ட நாடுகளுள் பிரிட்டன் குறிப்பிடத்தக்கது. இதற்கான பட்டயத் தேர்வு 1976இல் தொடங்கப்பட்டது. இலண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ ஆகிய நகரங்களின் மூன்று அரச மருத்துவக் கல்லூரிகள் இணைந்து, இத்துறைக்கான தொழில்முறை அமைப்பை 1989இல் நிறுவின. 2002இல் இது அதிகாரபூர்வமான சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது.

அங்கு இப்பயிற்சிக்கு வரும் மருத்துவர், முதலில் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்த அனுபவம் பெற்றிருக்க வேண்டும். அதன்பின் சுமார் நான்கு ஆண்டுகள், நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே, ஒரு மேற்பார்வையாளரின் கீழ்ப் பயில்கிறார். ஒழுங்குமுறைச் சட்டம், மருத்துவ மருந்தியல், புள்ளியியல், மருந்து ஆய்வு நடத்தும் முறை, பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகியவை பாடங்களாகும். பட்டயத் தேர்விலும் பணியிட மதிப்பீடுகளிலும் தேர்ச்சி பெற்றவருக்கே நிறைவுச் சான்று கிடைக்கிறது. நிறுவனத்தில் பணிபுரிந்தாலும் அவர் நாட்டின் மருத்துவ ஒழுங்குமுறைக் குழுவுக்குக் கட்டுப்பட்டவராகவே இருக்கிறார்.

*இந்தியாவில்:* இத்துறைக்கு வரும் மருத்துவர்களுள் பலர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டு எம்.டி. மருந்தியல் படித்தவர்கள். அதற்கும் மேல், மருத்துவ மருந்தியலில் மூன்றாண்டு டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பும் உள்ளது. புதுச்சேரி ஜிப்மர் இதை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்றாகும். நிறுவனங்கள் வழங்கும் பெல்லோஷிப் பயிற்சிகளின் காலமும் பாடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆகவே ஒருவர் பெயருக்குப் பின் ‘பெல்லோஷிப்’ என்றிருப்பதை மட்டும் கொண்டு அவரது தகுதியை முடிவு செய்ய இயலாது. எந்த நிறுவனம் அளித்தது, எவ்வளவு காலம், தேர்வு இருந்ததா என்பவையே முக்கியம்.

உங்கள் மருத்துவரும் நிறுவன மருத்துவரும்

நீங்கள் மருந்து ஆய்வில் பங்கேற்றால், இரு தரப்பு மருத்துவர்கள் அதில் ஈடுபட்டிருப்பார்கள்.

- முதன்மை ஆய்வாளர் உங்கள் மருத்துவமனையில் இருப்பவர். உங்களைப் பரிசோதிப்பதும், மருந்தைத் தருவதும், உடல்நிலை மோசமானால் சிகிச்சை அளிப்பதும் இவரது பொறுப்பு. உங்கள் முதல் தொடர்பு இவரே.
- நிறுவன மருத்துவர் ஆய்வு நடக்கும் எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் வரும் தகவல்களைச் சேர்த்துப் பார்ப்பவர். பொதுவாக அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. குறியீட்டு எண் மட்டுமே தெரியும். உங்களுக்கு அவர் நேரடியாகச் சிகிச்சை அளிப்பதில்லை.

இவ்விருவருக்கும் மேலாக நெறிமுறைக் குழு உள்ளது. இதில் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும்; அவர்களுள் ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், துறை சாராத பொதுமக்களுள் ஒருவர் இடம்பெற வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும்.

ஆய்வின்போது உயிருக்கு ஆபத்தான நிலை, மருத்துவமனையில் சேர்க்க நேர்வது போன்ற கடுமையான பாதிப்பு ஏற்பட்டால், முதன்மை ஆய்வாளர் அதை 24 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்கும், நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆராய்ந்த அறிக்கை 14 நாட்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். எனவே உங்களுக்கு நேரும் எந்த உடல் மாற்றத்தையும், சிறிதெனக் கருதி மறைக்காமல், உடனே முதன்மை ஆய்வாளரிடம் கூறுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை, எவ்வளவு பயிற்சி பெற்ற நிறுவன மருத்துவராலும் கண்டறிய முடியாது.

ஊதியம் தருபவர் யார் என்ற கேள்வி

நிறுவன மருத்துவருக்கும் பெல்லோஷிப் பயிற்சியில் உள்ளவருக்கும் ஊதியம் தருவது நிறுவனமே. மருந்து வெற்றி பெறுவது நிறுவனத்துக்கு ஆதாயம். மருத்துவரின் கடமையோ நோயாளியின் பாதுகாப்பு. இவ்விரண்டும் முரண்படக்கூடும் என்பதாலேயே, நிறுவனத்தைச் சாராத நெறிமுறைக் குழுவும் அரசின் ஒழுங்குமுறையும் தேவைப்படுகின்றன. நல்ல பயிற்சி இந்த முரண்பாட்டை நீக்கிவிடாது. அதை உணர்ந்து கையாள உதவும்.

உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் நிலை வேறு. அவர் மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசுகள், பயண வசதி, பணம் ஆகியவற்றைப் பெறுவதை இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகளில் 2009இல் செய்யப்பட்ட திருத்தம் தடை செய்கிறது. ஆய்வு நடத்துவதற்கு அவருக்கு நிறுவனம் நிதி அளிக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி அன்று.

ஆய்வில் சேர அழைக்கப்பட்டால் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இந்த மருந்து இதற்கு முன் மனிதர்களுக்குத் தரப்பட்டுள்ளதா? எத்தனை பேருக்கு?
2. எனக்கு ஆய்வு மருந்து கிடைக்குமா, அல்லது ஒப்பீட்டுக்கான வேறொன்று கிடைக்குமா?
3. இதில் சேராவிட்டால் எனக்குள்ள மற்ற சிகிச்சைகள் எவை?
4. இரவு நேரத்தில் உடல்நிலை மோசமானால் எந்த எண்ணில் யாரை அழைப்பது?
5. நிறுவனத்தின் சார்பில் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் இருக்கிறாரா? அவரது தகுதி என்ன?
6. இந்த ஆய்வு இந்திய மருந்து ஆய்வுகள் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? பதிவு எண் என்ன?

2007இல் தொடங்கப்பட்ட இப்பதிவேட்டில், 2009 ஜூன் 15 முதல் ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. எவரும் இதைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம்.

ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் பெறுவதும், வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தாருடன் கலந்து பேசுவதும் உங்கள் உரிமை. கையொப்பமிட்ட பின்பும், காரணம் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்துவது தீங்காகலாம் என்பதால், விலகும் முடிவை ஆய்வாளரிடம் தெரிவித்துவிட்டு நிறுத்துவது நல்லது.

ஆய்வின்போது பாதிப்பு ஏற்பட்டால், அது ஆய்வுடன் தொடர்பற்றது என நிறுவப்படும் வரை, தேவைப்படும் காலத்துக்கு இலவச சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். ஆய்வினால் ஏற்பட்டதே என உறுதியானால், இழப்பீடும் உண்டு.

விற்பனையில் உள்ள மருந்தினால் பக்கவிளைவு ஏற்பட்டால்

முதலில் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத்திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், மயக்கம், உடல் முழுவதும் கொப்புளம் ஆகியவை தோன்றினால் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அதன்பின், இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், நோயாளியோ பராமரிப்பாளரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். 2010இல் தொடங்கிய இத்திட்டத்தைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. அழைக்கும் முன் மருந்தின் பெயர், தொகுதி எண், தொடங்கிய நாள், அறிகுறி தோன்றிய நாள், உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால்

சில மருந்துகளுக்கு நிறுவனங்கள் நோயாளி உதவித் திட்டங்களை நடத்துகின்றன. ஊசி போடும் முறை, மருந்தைச் சேமிக்கும் முறை போன்றவற்றை அவர்களிடம் கேட்டு அறியலாம். ஆனால் அழைப்பவர் தம்மை மருத்துவர் என்று கூறினாலும், அவரது பேச்சின் அடிப்படையில் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் மருத்துவ அறிக்கைகளை அனுப்பும் முன், அவை எதற்காக, யாரிடம் செல்கின்றன என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- நிறுவன மருத்துவர் மருந்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்; உங்கள் சிகிச்சைக்குப் பொறுப்பானவர் உங்கள் மருத்துவரே.
- பயிற்சியின் பெயரைவிட, அதன் காலம், பாடம், தேர்வு ஆகியவையே தகுதியைக் காட்டும்.
- கேள்வி கேட்பதும், மறுப்பதும், இடையில் விலகுவதும் உங்கள் உரிமைகள்.
- பக்கவிளைவைத் தெரிவிப்பது உங்களுக்கு மட்டுமன்றி, அதே மருந்தை உட்கொள்ளும் மற்றவர்களுக்கும் பாதுகாப்பாகும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல. உங்கள் உடல்நிலை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசித்து எடுங்கள்.