வங்காளப் பணம், தமிழ்நாட்டுப் போர்
கல்கத்தாவை 1757 ஜனவரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மீட்டபோது அந்தப் படையில் இருந்தவர் அயர் கூட்; அயர்லாந்தின் லிமெரிக் பகுதிக்காரர். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்தவர் என்றே தமிழர்கள் இவரை அறிவார்கள். (லாலியின் தந்தையும் அயர்லாந்துக்காரர்தான்.) ஆனால் இவர் வாழ்க்கையை வெறும் வீரக்கதையாகப் படிப்பது போதாது. வங்காளத்து வரிப்பணம் தமிழ் மண்ணில் போராக மாறிய வரலாறு அது. 1780இல் பொள்ளிலூரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்ததும், வங்காளக் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இவரைப் பணத்தோடு கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்.

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்றது இவரது போர்த்திறன்தானே என்று கேட்கலாம். திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வென்ற கையோடு ஹைதரைத் துரத்த இவரால் முடியவில்லை: சுமை இழுக்கப் போதிய மாடில்லை, படைக்கு அரிசியில்லை. அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ப் பகுதியின் கிராமங்களை ஹைதரின் குதிரைப்படை ஏற்கெனவே எரித்திருந்தது. அந்த மாடும் நெல்லும் குடியானவர்களுடையவை. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. உடல் நலிந்து கல்கத்தா திரும்பிய கூட், 1783இல் மறுபடியும் பணத்தோடு கப்பலேறினார். வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் விரட்டின. ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்த சில நாட்களில் இறந்தார்.