பாபேல் கோபுரமும் பன்மொழிகளும்

மாந்தர் அனைவரும் ஒரு தந்தை தாயின் மக்கள் என்பதை யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஒப்புவர். ஆதம் (அலை) அவர்களின் மக்கள் தொடக்கத்தில் ஒரு மொழியையே பேசியிருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அங்ஙனமாயின், இன்று உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குவது எப்படி? ஒரு வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமற் போனது எதனால்?

இவ்வினா மிகப் பழமையானது. இதற்குச் சொல்லப்பட்ட விடைகளுள் உலகெங்கும் பரவியது ஒன்று உண்டு. பைபிளின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரம் அதனை ஒன்பதே வசனங்களில் சொல்லி முடித்துவிடுகின்றது.

பிரளயத்திற்குப் பின் நூஹ் (அலை) அவர்களின் வழிவந்தோர் சிநேயார் என்னும் சமவெளியை அடைந்தனர். அவர்கள் அனைவர்க்கும் மொழி ஒன்றே. கல்லுக்குப் பதிலாகச் சுட்ட செங்கல்லையும் சாந்துக்குப் பதிலாக நிலக்கீலையும் கொண்டு ஒரு நகரையும், வானை அளாவும் ஒரு கோபுரத்தையும் எழுப்பத் தொடங்கினர். தங்களுக்குப் பெயர் உண்டாக வேண்டும், பூமியெங்கும் சிதறிப் போகாதிருக்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். இறைவன் அதனைக் கண்டு, ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்காதபடி அவர்கள் மொழியைக் குழப்பி, அவர்களைப் பூமியெங்கும் சிதறச் செய்தான். நகர வேலை நின்றது. அந்நகரே பாபேல். இதுவே கதை.

மனிதனின் ஆணவத்தைக் கண்டிப்பது இக்கதையின் உட்கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதையைக் கேட்டோர் நெஞ்சில் அதனோடு வேறொரு கருத்தும் குடிபுகுந்தது. மொழிகள் பலவாய் இருப்பது ஒரு தண்டனை, மனித குலம் பட்ட சாபம் என்பதே அது. இக்கருத்து சரியானதா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

கோபுரம் இருந்த இடம்

பாபேல் கற்பனை ஊரன்று. பக்தாதுக்குத் தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஹில்லா நகருக்கு அருகே அதன் இடிபாடுகள் இன்றும் உள்ளன. குர்ஆன் பாபில் என்று ஒரே ஓர் இடத்தில் (2:102) குறிப்பிடும் நகரும் இதுவே. ஜெர்மானியரான ராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை அங்கு அகழ்வாராய்ச்சி நடத்தினார். எத்தெமெனான்கி என்று பெயர் பெற்ற படிக்கட்டுக் கோபுரத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 91 மீட்டர். உயரமும் அவ்வளவே என்று கி.மு. 229இல் படியெடுக்கப்பட்ட களிமண் ஏடு ஒன்று கூறுகின்றது.

ஆதியாகமம் செங்கல்லையும் நிலக்கீலையும் சொல்வது அந்நாட்டைக் கண்டறிந்தோர் சொல்லும் செய்தியாகும். வண்டல் மண் படிந்த அச்சமவெளியில் கட்டடக் கல் கிடையாது. நிலக்கீலோ யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹீத் என்னும் ஊரில் ஊறிக்கொண்டே இருந்தது. இக்கோபுரத்தைப் புதுப்பித்து முடித்தவன், நம் நூல்கள் புக்து நஸ்ஸர் என்று கூறும் நெபுகாத்நேச்சார். கி.மு. 605 முதல் 562 வரை ஆண்ட இவ்வரசன், தொலை நாடுகளின் மக்களை எல்லாம் இவ்வேலையில் ஈடுபடுத்தியதாகத் தன் கல்வெட்டில் பெருமை பேசுகின்றான். ஜெருசலத்தை அழித்து யூதர்களைச் சிறைபிடித்துப் பாபிலுக்குக் கொண்டு சென்றவனும் இவனே. பல நாட்டார் பல மொழிகளில் கூச்சலிட்டு வேலை செய்த அந்நகரை அச்சிறைக் கைதிகள் தம் கண்ணால் கண்டிருப்பர். மொழிக் குழப்பத்தின் கதை அந்நகரோடு இணைந்து நிலைபெற்றதில் வியப்பொன்றுமில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். குழப்புதல் என்னும் பொருளுடைய ‘பாலல்’ என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து பாபேல் என்ற பெயர் வந்ததாக ஆதியாகமம் கூறுகின்றது. அரபியில் ‘பல்பலா’ என்றாலும் குழப்பமே. ஆனால் அந்நகரத்தார் தம் ஊரைப் ‘பாப் இலி’ என்று வழங்கினர். இறைவனின் வாயில் என்பது அதன் பொருள். மதரஸாவில் ஓதும் நம் சிறுவர்க்கும் ‘பாப்’ என்றால் வாயில் என்று தெரியும். ஓர் ஊரார் வாயில் என்று சூட்டிய பெயர் அடுத்தவர் காதில் குழப்பம் என்று விழுந்தது!

இன்னொன்றும் நோக்கற்பாலது. கோபுரக் கதை வருவது 11ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்திய 10ஆம் அதிகாரமே நூஹ் (அலை) அவர்களின் புதல்வர் மூவரின் சந்ததிகளைச் சொல்லுமிடத்து, அவரவர் நாடுகளிலும் அவரவர் மொழிகளின்படியும் பிரிந்தனர் என்று மும்முறை கூறிவிடுகின்றது. அங்கே குழப்பமும் இல்லை, தண்டனையும் இல்லை. மக்கள் பெருகினர், பரவினர், மொழிகளும் பலவாயின. ஆக, பைபிளிலேயே இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் உள. உலகம் பிடித்துக்கொண்டதோ இரண்டாவதை மட்டுமே.

நம் நூல்களில் புகுந்த கதை

மதரஸாவில் ஓதிய காலத்தில் எம் உஸ்தாத் ஒருவர் இக்கதையைச் சொல்லக் கேட்டுள்ளேன். நம்ரூத் கட்டிய கோபுரம் இடிந்து விழுந்த அன்று, அச்சத்தால் மக்களின் நாவுகள் குழம்பி 73 மொழிகளைப் பேசத் தொடங்கின என்றும், அதற்கு முன் எல்லோரும் சுர்யானி மொழியே பேசினர் என்றும் அவர் கூறினார். எம்முள் ஒருவன் எழுந்து, “உஸ்தாத், அந்த எழுபத்து மூன்றில் தமிழும் உண்டா?” என்று கேட்டான். உஸ்தாத் புன்முறுவலுடன், “அல்லாஹு அஃலம்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

இச்செய்தி ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மறைந்த இமாம் தபரீ அவர்களின் பெரும் வரலாற்று நூலில் உள்ளது. ஆயினும் அவர் தம் முன்னுரையிலேயே, தமக்குக் கிடைத்த செய்திகளைக் கிடைத்தவாறே எழுதியிருப்பதாகவும், ஏற்க இயலாதன இருப்பின் அவற்றின் பொறுப்பு அறிவித்தோரையே சாரும் எனவும் எச்சரித்துள்ளார். சூழ்ச்சி செய்தோரின் கட்டடத்தை அடியோடு தகர்த்து, கூரை அவர்கள் மீது வீழச் செய்ததாகக் கூறும் வசனத்திற்கு (16:26) விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிர்கள் பலரும் இக்கதையை அங்கே சேர்த்தனர். வசனத்திலோ நம்ரூதின் பெயரும் இல்லை, மொழியைப் பற்றிய பேச்சும் இல்லை.

நம் முன்னோர் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றனர் என்றும் எண்ணிவிடலாகாது. இமாம் பகவீயின் தஃப்ஸீரைச் சுருக்கி எழுதிய அல் காஸின் (மறைவு ஹிஜ்ரி 741) இக்கதையை எடுத்தெழுதிவிட்டு, இது ஐயத்திற்குரியது என்று குறிப்பிடுகின்றார். அவர்களுக்கு முன்பே வாழ்ந்த ஸாலிஹ் (அலை) அவர்கள் அரபி பேசினார்கள் அல்லவா, எமன் மக்களும் அரபியர் அல்லரோ என்பது அவர் வாதம்.

திருமறையின் நோக்கு

மொழி வேற்றுமையைப் பற்றித் திருக்குர்ஆன் நேராகப் பேசுமிடம் சூரத்துர் ரூம் ஆகும். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டிருப்பதும், மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை என்றும், அறிவுடையோர்க்கு இதில் சான்றுகள் உள என்றும் அவ்வசனம் (30:22) அறிவிக்கின்றது. வானும் பூமியும் எந்த வரிசையில் வைத்து எண்ணப்பட்டனவோ, அதே வரிசையில் நம் நாவின் வேற்றுமையும் வைக்கப்பட்டுள்ளது. வானம் சாபமாகுமா? பூமி தண்டனையாகுமா?

மொழியும் நிறமும் ஒருங்கே சொல்லப்பட்டதும் எண்ணத்தக்கது. நிறத்தைப் பற்றியும் இத்தகைய கதையொன்று வழங்கியது. ஹாம் என்பவர் தந்தையின் சாபத்துக்கு ஆளானதாலேயே அவர் சந்ததியார் கறுத்தனர் என்றனர் வம்சாவளி எழுதினோர். கி.பி. 1332 முதல் 1406 வரை வாழ்ந்த இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதனை மறுத்து, நிறம் தட்பவெப்பத்தால் அமைவது என்று நிறுவினார். நிறத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை அவர் துடைத்தது போல, மொழியின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த பேரறிஞர் ஒருவர் அவருக்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்பே தோன்றியிருந்தார்.

குர்துபாவின் அறிஞர்

அவரே ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் பிறந்த இப்னு ஹஸ்ம் (கி.பி. 994 – 1064). அவர் காலத்தில் மொழியின் தோற்றம் பற்றிய வாதம் கிழக்கே ஓங்கியிருந்தது. ஆதமுக்கு எல்லாப் பெயர்களையும் இறைவன் கற்பித்தான் என்னும் வசனத்தை (2:31) ஆதாரமாகக் கொண்டு, மொழி இறைவன் அருளியதே என்றார் இப்னு ஃபாரிஸ். மக்கள் தம்முள் உடன்பட்டு அமைத்துக்கொண்டதே மொழி என்றார் முஃதஸிலாக்களில் அபூ ஹாஷிம். ரோமானிய அடிமை ஒருவரின் மகனாய்ப் பிறந்து அரபி இலக்கண மேதையாய் விளங்கிய இப்னு ஜின்னீயோ இரு கருத்துகளையும் எடை போட்டு, இரண்டும் வலுவுடையன என்று தயங்கி நின்றார். காற்றின் ஓசை, இடியின் முழக்கம், நீரின் சலசலப்பு இவற்றிலிருந்து சொற்கள் பிறந்தன என்போர் கூற்றையும் அவர் புறக்கணிக்கவில்லை.

இப்னு ஹஸ்ம் தம் ‘அல் இஹ்காம்’ நூலில், முதல் மொழி இறைவன் கற்பித்தது என்பதை ஏற்றார். ஆயின் மொழிகள் எங்ஙனம் பிரிகின்றன என்பதற்கு அவர் கோபுரத்தை நாடவில்லை; தம் ஊரைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். குர்துபாவிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள ஃபஹ்ஸுல் பல்லூத் வட்டாரத்தார் பேச்சு, குர்துபாவாசிக்கு ஏறக்குறைய வேறு மொழியாகவே ஒலிப்பதைச் சுட்டிக் காட்டினார். ஓர் இரவுத் தொலைவு இத்துணை மாற்றம் செய்யுமெனின், நெடுந்தொலைவும் நெடுங்காலமும் எத்துணைச் செய்யும்! சுர்யானி, எபிரேயம், அரபி மூன்றும் ஒரு மொழியாய் இருந்து, பேசுவோர் குடியேறிய இடங்களுக்கேற்பத் திரிந்தவையே என்று அவர் முடிவு கண்டார். ஐரோப்பிய அறிஞர்கள் இம்மொழிகளை ஒரு குடும்பமாக்கி, நூஹ் (அலை) அவர்களின் மைந்தர் சாமின் பெயரால் செமித்திய மொழிகள் என்று பெயரிட்டது 1781இல்தான்.

நம் நாட்டிலும் இவ்வுண்மை கண்கூடு. மலைத்தொடருக்கு மேற்கே வழங்கிய தமிழ் சில நூற்றாண்டுகளில் மலையாளமாய்த் தனித்து நின்றது. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் 1816இலும், கால்டுவெல் 1856இலும் எடுத்துக் காட்டினர். இங்கே எந்தக் கோபுரமும் இடிந்து விழவில்லை. அன்று மதரஸாவில் எழுந்த வினாவுக்கு இதுவே விடை எனக் கொள்ளலாம்.

இப்னு ஹஸ்ம் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸ், தம் கிரேக்கமே சிறந்த மொழி என்றும், பிற மொழிகள் நாய் குரைப்பையும் தவளை கத்துவதையும் ஒப்பன என்றும் எழுதியிருந்தார். இதனை அறியாமை என்று கடிந்த இப்னு ஹஸ்ம், தமக்கு விளங்காத எம்மொழியும் எவர்க்கும் அவ்வாறுதானே ஒலிக்கும் என்று கேட்டார். அத்தோடு நில்லாமல், குர்ஆன் அரபியில் இறங்கியதால் அரபி ஏனைய மொழிகளினும் மேலானது என்போரையும் மறுத்தார். எத்தூதரையும் அவர்தம் சமுதாயத்தாரின் மொழியிலேயன்றி அனுப்பவில்லை என்று இறைவன் அறிவிக்கின்றான் (14:4). அரபியர்க்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே அரபியில் இறங்கியது. எனவே ஒரு மொழிக்கு மற்றொன்றின் மீது மேன்மை கூறச் சான்றில்லை என்பது அவர் துணிபு. அரபியைத் தாய்ப்பாலோடு பருகியவர், அதில் மாபெரும் நூல்கள் யாத்தவர் இதனைச் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

நமக்குரிய பாடம்

பெருமானார் (ஸல்) அவர்கள் வழியும் இதுவே. யூதர்களோடு கடிதப் போக்குவரத்து வேண்டியிருந்தபோது, அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவரும் ஏறத்தாழ அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார். வேற்றுமொழி கண்டால் கற்றுக்கொள்வதே தீர்வு என்பது அங்கே கிடைத்த படிப்பினை. அப்படிப்பினையால் அன்றோ, பாபிலின் இடிபாடுகட்கு அருகே எழுந்த பக்தாதில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கிரேக்கமும் சுர்யானியும் பாரசீகமும் வடமொழியும் அரபியில் வந்து கலந்தன! பிற மொழிகளைத் தவளைக் கத்தல் என்ற ஜாலீனூஸின் நூல்களையே ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அங்கே சுர்யானியிலும் அரபியிலும் பெயர்த்தார். மொழிகள் சிதறியதாகக் கதை சொல்லும் மண்ணுக்கு அருகிலேயே மொழிகள் கூடின.

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவனத்தின் மொழி அரபி என்பதாகப் பெருமானார் பெயரால் ஒரு செய்தியை மேடைகளில் கேட்கின்றோம். ஹதீஸ் ஆய்வாளர் பலர் அதனைப் புனைந்துரை என்று ஒதுக்கியுள்ளனர். குத்பாவைத் தமிழில் நிகழ்த்தலாமா என்பது ஃபிக்ஹு நூல்களைக் கொண்டு உலமாக்கள் முடிவு செய்ய வேண்டிய செய்தி. அதில் யான் ஈண்டுப் புகவில்லை. ஆனால் அவ்வாதத்தின் அடியில், தமிழ் ஏதோ தாழ்ந்தது, மார்க்கத்திற்கு உதவாதது என்னும் எண்ணம் மறைந்து கிடக்குமாயின், அது திருமறை தந்த எண்ணம் அன்று. அரபெழுத்தில் தமிழை எழுதி நம் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் மார்க்கம் கற்பித்த நம் முன்னோர் அவ்வாறு எண்ணினார் அல்லர். சீறாவைத் தமிழில் பாடிய உமறுப் புலவரும் அவ்வாறு எண்ணினார் அல்லர்.

அரபியை நேசிப்போம், அது நம் வேதத்தின் மொழி, தொழுகையின் மொழி. தமிழைப் போற்றுவோம், அது அல்லாஹ் நமக்கு அளித்த நாவு. பிறர் மொழியை இகழாதிருப்போம். அதுவும் அவனுடைய அத்தாட்சியே. அத்தாட்சியை இகழ்வோன் அதனை அளித்தவனை அறிவது எங்ஙனம்?