கையடக்கக் கருவி (செவிலியர் பணியில்)

செவிலியர் பணிக்கான கையடக்கக் கருவி என்பது மருந்தளவு, ஆய்வக அளவுகள், பணிக்குறிப்புகள் ஆகியவற்றை நோயாளியின் படுக்கையருகிலேயே பார்க்கவும் பதியவும் உதவும், சட்டைப்பையில் அடங்கும் மின்னணுச் சாதனம்.

ஆப்பிளின் நியூட்டன் 1993இல் வந்தாலும், 1996இல் வெளியான பாம் பைலட்டே இவ்வகைக் கருவியைப் பரவலாக்கியது. 160 × 160 புள்ளிக் கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட அது, இரண்டு சிறு பேட்டரிகளில் வாரக்கணக்கில் இயங்கியது. பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் உள்ளிருந்த பதிவுகள் அழிந்துவிடும். இரவுப்பணியில் இது சிறு குறையன்று. 2000இல் மைக்ரோசாஃப்ட்டின் பாக்கெட் பிசி போட்டிக்கு வந்தது. அக்காலத்தில் செவிலியரின் கருவித் தேர்வைத் தீர்மானித்தது விலையைவிட, தேவையான மருந்துக் கையேடு எந்த இயங்குதளத்தில் கிடைக்கிறது என்பதே.

2007இல் ஐபோன் வந்தபின் திறன்பேசிகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்று கருவியைத் தேர்ந்தெடுக்கையில் மருத்துவமனைகள், நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பட்டைக்குறியைப் படிக்கும் வசதி, கையுறையுடன் இயங்கும் தொடுதிரை, பணியிடையே மாற்றத்தக்க பேட்டரி, தரவு மறையாக்கம் ஆகியவற்றைக் கவனிக்கின்றன. கருவி கைக்குக் கை மாறுவதால் தொற்றும் பரவக்கூடும். ஆகவே கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைப்பதைத் தாங்காத கருவி, மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், வார்டுக்கு ஏற்றதன்று.